சீம்பாலுக்குள் பதினோரு மலைகள்

இதை எழுதுகிறவன் இந்தக் கதையைப் பல வருடங்களாக நம்பவில்லை. நம்பவில்லை என்று யாரிடமும் சொன்னதும் இல்லை. பூங்கோதை இதைச் சொல்லும்போதெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே இப்படி நடந்திருக்க முடியாது என்று நினைத்துக்கொள்வான். பிறகு படுத்தபின், முடியாது என்று சொல்ல நீ யார், உன் ஆயுசில் நீ எதைச் சரியாகப் பிரித்துப் பார்த்தாய், எதைச் சரியாகச் சேர்த்துவைத்தாய் என்று உள்ளே ஒரு குடைச்சல் தொடங்கும். ஆனால் அவள் எத்தனை முறை சொன்னாலும் மாடுகளின் நிறம் மாறவில்லை, வீடுகளின் வரிசை மாறவில்லை, யார் யாரோடு எதற்காகப் பேசாமல் இருந்தார்கள் என்பதும் மாறவில்லை. கதை கட்டுகிறவர்கள் எங்காவது ஓரிடத்தில் கை வைத்து அழகாக்கிவிடுவார்கள். அவள் அழகாக்கவில்லை. ஆகவே அவள் சொன்னபடியே இது இருக்கட்டும்.

உடுமலைக்குத் தெற்கே, காற்றாலைகள் வரிசையாக நின்று சுற்றும் வெளியில், வாகைப்புதூர் என்றொரு ஊர். பருத்தி விளைந்த காலத்தில் கட்டிய நீளமான பஞ்சு மில் கொட்டகை ஒன்று அந்த ஊரில் சும்மா கிடந்தது. அதன் சொந்தக்காரர் நாச்சிமுத்து, சும்மா கிடக்கும் எதையும் சும்மா விடாதவர். அந்தக் கொட்டகையில் ஈமு கோழி வளர்த்துப் பார்த்தார், சோற்றுக்கற்றாழைச் சாறு பிழிந்து பார்த்தார், காளான் போட்டுப் பார்த்தார். ஈமு வேலி தாண்டி ஓடிப்போயிற்று, கற்றாழை கசந்தது, காளானை ஊரே ஓசியில் தின்று தீர்த்தது. நான்காவதாகப் பாலிலிருந்து புரதம் பிரிப்பது என்று முடிவுசெய்து, தோட்டத்தில் பாதியைக் கொடுத்து இயந்திரங்கள் வாங்கிப் போட்டு, விஷயம் தெரிந்த ஆள் வேண்டுமென்று விளம்பரமும் கொடுத்தார். அதைப் பார்த்து மன்னார்குடியிலிருந்து வந்தவள்தான் பூங்கோதை.

புரதங்களைப் பிரித்துச் சுத்தம் செய்வதில் டாக்டர் பட்டம் வாங்கியவள், நாற்பதை நெருங்குகிறவள், அவள் வேலைக்குச் சேர்ந்த மூன்று ஆய்வுக்கூடங்களும் அவள் உள்ளே இருக்கும்போதே இழுத்து மூடப்பட்டதால் தனக்கு ராசியில்லை என்று தானே முடிவு கட்டியிருந்தவள். டாக்டர் என்று கேள்விப்பட்டு முதல் வாரம் ஊர்க்காரர்கள் இருமலோடும் மூட்டுவலியோடும் வந்தார்கள். நான் அந்த டாக்டர் இல்லை என்றாள். அப்படியானால் மாட்டு டாக்டரா என்று கேட்டார்கள். அதுவும் இல்லை என்று தெரிந்தபின், பாவம் படித்த பிள்ளை என்று, டாக்டரம்மிணி என்ற பெயரை மட்டும் அவளுக்கு விட்டுவைத்தார்கள்.

அவள் பிரிக்க வந்த புரதம் சீம்பாலில் இருப்பது. கன்று போட்ட பசுவின் முதல் பாலில் அது நிறைய இருக்கும். இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிற குணம் உள்ளதால் அதற்கு இளஞ்சிவப்பு நிறம். குழந்தைகளுக்கான சத்துமாவு செய்யும் பெங்களூர் கம்பெனி ஒன்று அதைச் சுத்தமாகக் கொடுத்தால் வருடம் முழுக்க வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. ஆனால் சீம்பாலை அந்த ஊரில் யாரும் விற்கமாட்டார்கள். கன்று வயிறு நிறையக் குடித்தது போக மிச்சத்தை அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுப்பார்கள். காசு வாங்கினால் மடி வற்றிப்போகும். வாங்கிய வீடு பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தராது, எதையாவது போட்டுத்தான் தரும். நாச்சிமுத்து யோசித்து, கொட்டகையும் அக்கம்பக்கத்து வீடுதானே என்று வாசலில் ஒரு மூட்டை நாட்டுச்சர்க்கரையை இறக்கிவைத்தார். அதன்பின் மாடு ஈன்ற வீடுகளிலிருந்து, போசி என்று அங்கே சொல்கிற பாத்திரத்தில் சீம்பால் வந்தது, அதே போசியில் சர்க்கரை போயிற்று, பால் ஐஸ்பெட்டியில் உறைந்து காத்திருந்தது. பதினோரு வீட்டுப் பால் சேர்ந்தது. அதில் ஒன்று நாச்சிமுத்துவின் வீடு. இன்னொன்று அவருடைய அண்ணன் காளியண்ணன் வீடு. அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை. அண்ணன் மனைவி பின்வாசல் வழியாகக் கொடுத்தனுப்பினாள். அது ஊரில் எல்லாருக்கும் தெரியும். காளியண்ணனுக்கும் தெரியும். தெரியாததுபோல இருப்பதில் அவர் கெட்டிக்காரர்.

பிரிக்கும் முறைக்கு குரோமடோகிராபி என்று பெயர். பெயர்தான் பெரிது. ஆள் நெஞ்சு உயரத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் மாவுபோலப் பொடியான வெள்ளை மணிகள். வெண்ணெயை எடுத்து, பாலைத் திரியவைத்து, தெளிந்த நீரை மட்டும் மேலே விட்டால் மற்றப் புரதங்கள் நிற்காமல் இறங்கிப் போய்விடும். சிவப்பு மட்டும் மணிகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மேலே ஒரு வளையமாக நின்றுவிடும். பிறகு உப்புத்தண்ணீர் விடவேண்டும். உப்பின் அளவு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடக் கூட, ஒரு கட்டத்தில் பிடி தளர்ந்து சிவப்பு இறங்கும். இறங்குவதைக் கீழே சின்னச் சின்னக் குப்பிகள் ஏந்திக்கொள்ளும். அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் திரையில் ஒரு கோடு மேலேறி, கீழிறங்கி, ஒரு மலையாகும். ஒரே பொருள் என்றால் ஒரே மலை. கம்பெனிக்காரர்கள் கேட்டதும் அந்த ஒரு மலையைத்தான்.

முதல் நாள் தேங்காய் உடைத்துத் தொடங்கினார்கள். கொட்டகையில் வேலைக்கு இருந்த பெண்கள் திரைக்கு முன்னால் சினிமா பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தார்கள். மலை வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். கோடு கீழே இறங்கியது, மறுபடியும் ஏறியது, இரண்டாவது மலை வந்தது. அதற்கும் கைதட்டினார்கள். மூன்றாவதுக்கும் தட்டினார்கள். சாயங்காலம் வரைக்கும் மலைகள் வந்துகொண்டே இருந்து, பதினொன்றாவது மலையோடு கோடு படுத்தது. ஒன்று கேட்டால் பதினொன்று கொடுக்கிறதே என்று நாச்சிமுத்து எல்லாருக்கும் டீ சொன்னார். பூங்கோதை மட்டும் நான்காவது கூடமும் போயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் குழாயைக் கழுவினாள், மணிகளைக் கொட்டி மறுபடி நிரப்பினாள், தண்ணீரை மாற்றினாள், உப்பை மாற்றினாள், தன் பழைய பேராசிரியரைப் போனில் கூப்பிட்டு அழாத குறையாகக் கேட்டாள். நீ மணிகளைச் சரியாக அடைக்கவில்லை என்றார் அவர். மறுபடி அடைத்தாள். அதே பதினொன்று, அதே இடங்களில். கடைசியில் ஒவ்வொரு வீட்டுப் பாலையும் தனித்தனியாக விட்டுப் பார்த்தாள். தனியாக விட்டால் ஒவ்வொன்றும் ஒரே ஒரு மலை. ஆனால் அந்த வீட்டுக்கென்று உள்ள இடத்தில்தான் அது எழுந்தது. ஒரே ஊர்த் தண்ணீரைக் குடித்து ஒரே சோளத்தட்டைத் தின்கிற மாடுகளின் ஒரே புரதம், வீட்டுக்கு வீடு வேறு உப்பில் இறங்கிற்று. உலகத்தில் எந்தக் குழாயிலும் அப்படி நடக்காது. அவள் தாளில் ஒவ்வொரு மலைக்கும் மேலே அந்தந்த வீட்டின் பெயரைப் பென்சிலால் எழுதி நாச்சிமுத்துவிடம் காட்டினாள்.

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் படித்தார். படிக்கப் படிக்கச் சிரிப்பு வந்தது. பாவாயி வீடும் ருக்மணி வீடும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் நடுவே பள்ளம் ஆழமாக இருந்தது. இட்லிக் கொப்பரையை இரவல் வாங்கி அடி நசுங்கித் திருப்பிக் கொடுத்ததிலிருந்து அவர்களுக்குள் பேச்சில்லை. ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்ற இரண்டு மலைகள் சம்பந்தி வீடுகள். நடுவில் இரண்டு பக்கமும் இடம் விட்டு எட்டி நின்றது, யார் வீட்டுச் சாவுக்கும் போகாத ஓய்வுபெற்ற வாத்தியாரின் வீடு.

"அட, இது எங்கூருங்க அம்மிணி," என்றார். "கலியாணத்துல யாரு பக்கத்துல யாரு உக்காருவாங்களோ அப்படியே உக்கார வெச்சிருக்குது."

பிறகு, இந்தக் கடைசியில் தனியாக நிற்பது யார் என்று கேட்டார். உங்கள் அண்ணன் வீடு என்றாள். முதலில் நிற்பது என்று கேட்டார். உங்கள் வீடு என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்று எழுந்து போனார்.

அந்தத் தாள் எப்படியோ மயில்சாமியின் டீக்கடைச் சுவரில், பஸ் நேரம் எழுதிய பலகைக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டது. ஊர் அதைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. டாக்டரம்மிணி ஆச்சரியப்பட்டதுதான் அவர்களுக்கு ஆச்சரியம். பின்னே வேற எப்படி வரும் என்று கேட்டார்கள். கண்ணாடிக் குழாய்க்கு ஊர்க்காரர்கள், மாரியம்மன் திருவிழாவில் நடுகிற கம்பத்தை நினைத்து, கம்பம் என்றே பெயர் வைத்தார்கள். பூசாரி வந்து அதன் கழுத்தில் மஞ்சள் துணியும் வேப்பிலையும் கட்டினார். குழாய் கழுவுகிற சாராயம் இருக்கிற அறை, தீப்பிடிக்கும், கற்பூரம் கூடாது என்று பூங்கோதை கெஞ்சியபின் மணி மட்டும் அடித்துக்கொள்வதாக ஒத்துக்கொண்டார். எருமைச் சீம்பாலை விட்டுப் பார்த்தார்கள், எருமைகள் எல்லாம் ஒரே மலையாக வந்தன; எருமைக்கு அந்த யோசனையெல்லாம் கிடையாது என்று சொல்லி விட்டுவிட்டார்கள். பக்கத்து ஊர்த் தரகர் ஒருவர் மாப்பிள்ளை வீட்டுப் பாலையும் பெண் வீட்டுப் பாலையும் தூக்குப்போசியில் கொண்டுவந்து, ஜாதகமெல்லாம் பார்த்தாச்சு இதையும் பார்த்துடலாம் என்று காத்திருந்தார். பால் சங்கத்துச் செயலாளர் வந்து தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, சங்கத்துப் பாலை இதில் விடக்கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு வேகமாகப் போனார்.

அப்புறம் ஒருநாள் பத்து மலைதான் வந்தது. ஏதோ ஒரு வீட்டுப் பாலை விட்டுவிட்டோம் என்று பூங்கோதை குப்பிகளைத் தேடினாள். தேட வேண்டியதில்லை என்று அவளிடம் சொன்னார்கள்: ருக்மணியின் சேவலை முந்தின நாள் லாரி அடித்துவிட்டது, பாவாயி வேலி ஓரமாக நின்று போன சேவல் நல்ல சேவல் என்று சொன்னாள், ருக்மணி அழுதாள், பாவாயியும் அழுதாள், அவ்வளவுதான். இரண்டு மலையும் ஒன்றாகிவிட்டன. ஐஸ்பெட்டியில் மாதக்கணக்கில் உறைந்துகிடந்த பாலுக்கு நேற்றுச் சாயங்காலம் வேலி ஓரத்தில் நடந்தது எப்படித் தெரிந்தது என்று பூங்கோதை யோசித்து யோசித்துத் தலைவலி வந்ததுதான் மிச்சம். ஊர் அதைப் பற்றி யோசிக்கவில்லை. டீக்கடையில் புதுத் தாள் ஒட்டப்பட்டது.

சேர்வது தெரிந்ததுபோலப் பிரிவதும் தெரிந்தது. நல்லண்ணன் வீட்டு மலை ஒருநாள் காலையில் இரண்டாகப் பிளந்து வந்தது. எங்க வூட்ல அப்படியொண்ணும் இல்லீங்களே என்று நல்லண்ணன் டீக்கடையில் சத்தியம் செய்துகொண்டிருக்கும்போதே, அவருடைய அம்மாவும் மனைவியும் தெருவில் நின்று, யார் மாட்டுக்கு யார் புல் அறுத்துப் போடுவது என்று சண்டையைத் தொடங்கியிருந்தார்கள். வாயால் மட்டும் சமாதானம் ஆனவர்களின் மலைகள் முழுதாகச் சேராமல், ஒரு பக்கம் மட்டும் சற்றுப் புடைத்து வந்தன. அந்தப் புடைப்புக்குப் பெயர் என்ன என்று ஊர் கேட்டது. எங்கள் தொழிலில் அதைத் தோள் என்போம் என்றாள். அன்றிலிருந்து வாகைப்புதூரில் யாராவது பல்லைக் காட்டி ரொம்பப் பிரியமாகப் பேசினால், தோள் தெரியுதுங்க, கொஞ்சம் மறைச்சுக்கங்க என்று சொல்லும் வழக்கம் வந்தது. இப்போதும் சொல்கிறார்களாம்.

எல்லாம் வேடிக்கையாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கம்பெனிக்காரர்கள் தைப்பொங்கல் கழிந்து நேரில் பார்க்க வருகிறோம் என்று தகவல் சொல்லும்வரை. திரையில் ஒரே மலை வரவேண்டும், அதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ஒப்பந்தம். வராவிட்டால் கொட்டகை கறிக்கோழிப் பண்ணைக்காரர் கைக்குப் போகும், வேலைக்கிருந்த பெண்கள் மறுபடி வேலை தேடித் தாராபுரத்துக்குப் பஸ் ஏறுவார்கள், பூங்கோதை மன்னார்குடியில் அக்கா வீட்டுப் பின்னறையில் போய் உட்காருவாள். பின்னறையின் ஜன்னல் திறந்தால் அக்காவுடைய மாமியாரின் ஜன்னலைப் பார்த்து நிற்கும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். நாச்சிமுத்து மாரியம்மன் கோயில் முன்னால் ஊரைக் கூட்டி விஷயத்தைச் சொன்னார். பிறகு மயில்சாமி எழுந்து, ஒரு மலைதானுங்க, வர வெச்சிடலாம் என்றார், ஏதோ லாரியை வரவழைப்பதுபோல.

அந்த மார்கழியில் வாகைப்புதூர் செய்த வேலையை எந்த ஊரும் செய்ததில்லை. வேப்பமரத்துச் சருகு எந்த வாசலில் விழுகிறது என்று வருடக்கணக்கில் முறைத்துக்கொண்டிருந்தவர்கள் அந்தச் சருகை ஆளுக்கொரு பக்கம் கூட்டினார்கள், கோர்ட்டில் கிடந்த வாய்க்கால் வழக்கைப் பஸ் ஏறிப்போய் இரண்டு பேரும் ஒன்றாக வாபஸ் வாங்கி ஒன்றாகப் பரோட்டா தின்றுவிட்டு வந்தார்கள், உன் மகன் இங்கிலீசு பேசினால் ஆடு கத்துவதுபோல இருக்கிறது என்று சொன்னவர் போய் அந்த மகனையே பேசச் சொல்லிக் கேட்டுவிட்டு இப்ப பரவால்லைங்க என்றார், நல்லண்ணனின் அம்மா மருமகளின் மாட்டுக்கும் மருமகள் மாமியாரின் மாட்டுக்கும் புல் போட்டு, இரண்டு மாடும் தின்ன முடியாமல் படுத்துக்கொண்டன, யார் வீட்டுச் சாவுக்கும் போகாத வாத்தியார் சாவுக்குப் போக ஆசைப்பட்டு அந்த மாதம் யாரும் சாகாததால் ஒரு காதுகுத்துக்குப் போய் கடைசிப் பந்தி வரைக்கும் பரிமாறினார். டீக்கடையில் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்டன. மலைகள் குறைந்துகொண்டே வந்தன. பொங்கலன்று விட்டுப் பார்த்தபோது நடுவில் ஊர் முழுக்க ஒரே மலையாக நின்றது. இந்தக் கோடியில் நாச்சிமுத்து, அந்தக் கோடியில் காளியண்ணன்.

அவர்கள் சண்டை பெரிய சண்டை இல்லை. நாச்சிமுத்துவின் மகள் கல்யாணத்துக்கு அண்ணன் வீட்டில் பத்திரிகை வைக்க அவர் நேரில் போகவில்லை. ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கணுக்கால் வீங்கியிருந்தது, மச்சானிடம் கொடுத்தனுப்பினார். காளியண்ணன் பத்திரிகையை வாங்கி மாட்டுக் கட்டுத்தரைச் சுவர் இடுக்கில் செருகிவிட்டு, கல்யாணத்துக்கு வரவில்லை. அந்த மகளுக்கே இரண்டு குழந்தைகள் பிறந்து பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். கணுக்கால் வீக்கம் எப்போதோ வடிந்துவிட்டது.

ஊர் பார்க்க, நாச்சிமுத்து தட்டில் பழம் வெற்றிலையோடு அண்ணன் வீட்டுக்கு நடந்தார். காளியண்ணன் கட்டிலை எடுத்துப் போட்டார். மோர் கொடுக்கச் சொன்னார். மழை பற்றியும் காற்றாலைக்காரர்கள் போட்ட ரோடு பற்றியும் பேசினார்கள். சோறும் போட்டார்கள், பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து தின்றார்கள். கை கழுவும்போதுதான் காளியண்ணன் சொன்னார்:

"நீ அண்ணனுக்காக வந்தாப்பல தெரியலே நாச்சி. மலைக்காக வந்தாப்பல இருக்குது."

அது உண்மை என்று நாச்சிமுத்துவுக்கே தெரியும். மறுநாள் விட்டுப் பார்த்தபோது ஒரே மலை வந்தது. அதன் வலது பக்கத்தில், யானையின் முதுகில் ஆள் குனிந்து உட்கார்ந்திருப்பதுபோல, தெளிவாக ஒரு தோள்.

கம்பெனிக்காரர்கள் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம் நாச்சிமுத்து கொட்டகைக்கு வந்து, கம்பத்தின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வெகுநேரம் மணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கம்மிணி, இந்த உப்பை எதுக்குங்க இத்தனை மெதுவா ஏத்தறீங்க?" என்றார். "மொத்தமா ஒரேயடியா விட்டா என்னாகும்?"

பூங்கோதைக்கு அந்தக் கேள்வி புதிதில்லை. மலைகள் வந்த முதல் நாளிலிருந்தே அது அவளோடு ஒரே அறையில்தான் இருந்தது.

"எல்லாம் ஒண்ணா விழும் சார்," என்றாள்.

"ஒரே மலையா?"

"ஒரே மலையா."

"தோளு?"

"கண்ணுக்குத் தெரியாது." உடனே, "ஆனா அது ஒண்ணா விழுந்ததுதான். ஒண்ணா ஆனது இல்லை," என்றாள்.

அவர் அதை மனதுக்குள் போட்டு உருட்டிப் பார்த்தார். "பஸ்சு சடன் பிரேக் போட்டா அத்தனை பேரும் முன்னாடி வந்து விழுவாங்களே, அப்படிங்களா?"

ஆமாம் என்றாள். அவர், அப்படி விழும்போதும் நாலு பேர் சிரிக்கத்தான் செய்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் எழுந்து போனார். செய் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அவள் அன்று மத்தியானம் முழுக்கத் தனக்குள் வாதாடிக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டரில் ஒரே ஓர் எண்ணை மாற்றினால் போதும், உப்பு மொத்தமாக இறங்கும். அது பொய்யா? ஒரே புரதம் ஒரே மலையாக வருவதுதானே விஞ்ஞானம். வீட்டுக்கு வீடு பிரிந்து வருவதுதான் அதற்கு விரோதம். பெங்களூரில் அவர்கள் எவ்வளவு மெதுவாக உப்பேற்றினாலும் அங்கே ஒரே மலைதான் வரும், ஏனென்றால் அந்தப் பட்டணத்துக் குழாய்க்குக் காளியண்ணனை யாரென்று தெரியாது. இல்லாத கோணலை நிமிர்த்தினால் அது எப்படித் திருட்டாகும் என்று கேட்டுக்கொண்டாள். அப்படியானால் இந்த மார்கழி முழுக்க இந்த ஊர் பட்ட பாடு என்ன என்றும் கேட்டுக்கொண்டாள். சருகு கூட்டியவர்களையும் காதுகுத்தில் பரிமாறிய வாத்தியாரையும் நினைத்தாள். மன்னார்குடிப் பின்னறை ஜன்னலையும் நினைத்தாள்.

மறுநாள் பெங்களூரிலிருந்து ஒரு ஆணும் பெண்ணும் காரில் வந்து இறங்கினார்கள். ஊரே கொட்டகை வாசலில் நின்றது. பால்நீர் விட்டாகிவிட்டது, கம்பத்தின் உச்சியில், மஞ்சள் துணிக்குக் கீழே, சிவப்பு வளையம் அசையாமல் நின்றது. உப்புத்தண்ணீர் விடவேண்டியதுதான் பாக்கி. வந்தவர்கள் திரைக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். பூங்கோதை விரலைக் கொண்டுபோன நேரத்தில் வாசல் கூட்டம் இரண்டாக விலகியது.

காளியண்ணன் வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் போசி. அன்று விடியலில் அவர் வீட்டுக் காரிப்பசு கன்று போட்டிருந்தது. பின்வாசல் வழியாக இல்லை, அண்ணன் மனைவி கையில் இல்லை, நேராக நடு வாசல் வழியாக, அத்தனை பேர் பார்க்க, தம்பிக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஒரு சாமானை நேர்ல கொண்டாந்து குடுக்கறது எப்படின்னு உனக்குக் காட்டிட்டுப் போலாம்னு வந்தேன்," என்றார்.

நாச்சிமுத்து போசியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"இப்பத்தான் கத்துக்கறனுங்கண்ணா," என்றார். "கணுக்கால்மேல பழியைப் போட்டுட்டேன். நடந்து வந்திருக்கலாம். நொண்டிக்கிட்டாவது வந்திருக்கலாம்."

காளியண்ணன், நொண்டியிருந்தால் பார்க்க நன்றாகத்தான் இருந்திருக்கும் என்றார். அதைக் கேட்டு முதலில் சிரித்தது அவருடைய மனைவி. நாச்சிமுத்து பாலை வேறொரு பாத்திரத்தில் ஊற்றிவிட்டு, போசியைக் கழுவி, மூட்டையிலிருந்து தன் கையாலேயே சர்க்கரை அள்ளி வழிய வழிய நிரப்பினார். பெங்களூர்க்காரர்களைப் பார்த்து, கொஞ்சம் இருங்க, போசியைக் கொண்டுபோய் வெச்சுட்டு வந்தர்றனுங்க என்றார். ஒப்பந்தம், திரை, மலை எதுவும் அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை. உச்சிவெயிலில் அண்ணன் முன்னாலும் தம்பி போசியோடு பின்னாலும் தெருவில் நடந்தார்கள். நாலு வீடு தாண்டுவதற்குள் யார் முன்னால் யார் பின்னால் என்பது தெரியாமல் போயிற்று. ஊர் முழுக்கப் பின்னாலேயே போனது, வேலைக்கிருந்த பெண்களும் கையைத் துடைத்துக்கொண்டு போனார்கள், பெங்களூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தையும் புரியாவிட்டாலும் போகாமல் இருக்க முடியவில்லை. அவர்களையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் காளியண்ணன் வீட்டில் இலை போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். கொட்டகையில் பூங்கோதையும் கம்பமும் மட்டும் இருந்தார்கள்.

அவள் உப்பைத் திறந்தாள்.

எல்லாரும் வாய் சிவக்க வெற்றிலை போட்டுக்கொண்டு திரும்பி வந்தபோது திரையில் கோடு ஏறிக்கொண்டிருந்தது. ஏறியது, உச்சியில் ஒரு நிமிஷம் நின்றது, இறங்கியது. இரண்டு பக்கமும் ஒரே சரிவு. புடைப்பு இல்லை, பள்ளம் இல்லை, தோள் இல்லை. ஒரே மலை. கீழே குப்பிகளில் இளஞ்சிவப்பாக விழுந்திருந்ததைப் பெங்களூர்ப் பெண் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ரொம்ப அழகு என்று ஆங்கிலத்தில் சொன்னாள். ஊர் கைதட்டவில்லை. அதுதான் வந்தாச்சே என்பதுபோல ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, மயில்சாமி கடையில் டீ குடிக்கப் போய்விட்டது. கொட்டகை இன்னும் இருக்கிறது, சீம்பாலும் போகிறது, போசியும் திரும்புகிறது. பூங்கோதை அங்கே நெடுங்காலம் வேலை பார்த்து, அதன்பின் கோவையில் ஒரு கல்லூரிக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வந்தாள். வந்த இடத்தில்தான், ஒரே தெருவில் குடியிருக்கும் இதை எழுதுகிறவனுக்கு இந்தக் கதை கிடைத்தது.

அவள் எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். சருகையும் சேவலையும் ஆட்டுச் சத்த இங்கிலீசையும் நின்று நிதானமாகச் சொல்வாள். உப்பைத் திறந்தேன், மலை வந்தது என்ற இடத்தை மட்டும் ஒரே மூச்சில் தாண்டிவிடுவாள். கேட்டுவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் இவனுக்குத் தோன்றும். ஆனால் ஒரு பதிலைச் சொன்னால் அந்த ஊரை நம்பியாக வேண்டும்; நம்பினால், தான் வருடக்கணக்கில் பேசாமல் இருக்கிற இரண்டு பேர் வீட்டுக்கு இவனும் நடந்து போக வேண்டிவரும். இன்னொரு பதிலைச் சொன்னால் போக வேண்டியதில்லை, ஆனால் அதன்பின் இந்தக் கதையை யாரிடமும் சந்தோஷமாகச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் பயந்து கேட்காமலே காலம் போயிற்று. போன மாதம், தெருமுனைப் பால் பூத்தில் அவளும் இவனும் பாக்கெட்டுக்காக நின்றுகொண்டிருந்தபோது, வரிசை நகராமல் நின்ற நேரத்தில், இவன் அவள் முகத்தைப் பார்க்காமல், முன்னால் நிற்கிறவரின் முதுகைப் பார்த்தபடியே கேட்டுவிட்டான்:

"ஏங்க, எல்லாரும் அந்தப் போசிக்குப் பின்னால போயிட்டாங்களே, அப்போ உப்பை மெதுவாத்தான் ஏத்தினீங்களா?"